வெண்ணெய் அறையில் துரை

பிப்ரவரி 9

மருமகளுக்கு,

இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், வேறு வழி வைக்கவில்லையே நீ.

நீ போன அன்று நான் கீழே அடுப்படியில்தான் இருந்தேன். உன் பெட்டி மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு இறங்கிய சத்தம் கேட்டது. பதினாலு படி. கடைசிப் படியில் நீ கொஞ்ச நேரம் நின்றதும் தெரிந்தது. கை முழுக்க மாவு. கழுவிக்கொண்டு வருவதற்குள் தெருக்கதவு சாத்திக்கொண்டது. ஆறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள், "போயிட்டு வரேன் அத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காலைக் கட்டிக்கொண்டா அழுதிருப்பேன்? என் மகன் உன்னை விட்டுவிட்டு வேறு ஒருத்தியோடு போனான். சரி. நானுமா கூடப் போனேன்? இதே ரொட்டிக் கடையில், இதே அடுப்புக்கு முன்னால்தானே இருக்கிறேன்.

அதை விடு. மேல் அறையில் நீ வைத்துவிட்டுப் போன ஜந்துவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதன் கண்ணாடித் தொட்டிக்கு அடியில் இருந்த சீட்டைப் பார்த்தேன். வாரம் மூன்று முறை மண்புழு, விளக்கு வேண்டாம், முடிந்தபோது வந்து எடுத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான். அதற்குக் கீழே நீ வேலைக்குச் சேர்ந்திருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முகவரி. ஆக்ஸோலாட்டில் என்று அதன் பெயரையும் எழுதியிருக்கிறாய். இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், கட்டிய பல் கழன்றுவிடும் போலிருக்கிறது.

தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகிறது. ஜன்னலை வேறு திறந்து போட்டிருக்கிறாய். முப்பது வருஷமாக மாவு பிசைகிறவள் நான். உயிருள்ளது எதுவும் இளஞ்சூட்டில்தான் எழும்பும், குளிரில் படுத்துவிடும். அதனால் ஜன்னலைச் சாத்தி, நம் கடை அடுப்புக்காரரைக் கூப்பிட்டு, தொட்டியைப் புகைபோக்கிச் சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னேன். இப்போது தண்ணீர் இதமாக இருக்கிறது. ஆனால் நாலு நாளாக அது புழுவைத் தொடவில்லை. மீனா பல்லியா என்று தெரியாத அந்த வெளுத்த உடம்பை ஒரு மூலையில் ஒடுக்கிக்கொண்டு, கழுத்தில் இருக்கும் சிவப்பு இறகுகளை முன்பக்கமாக மடித்து, வால் நுனியைக் கொக்கி மாதிரி சுருட்டி வைத்திருக்கிறது. உன்னைத் தேடுகிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அத்தை


பிப்ரவரி 13

அத்தைக்கு,

இனி உங்களை இப்படி அழைக்கலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படி எழுதிப் பார்த்தாலும் யாரோ முகம் தெரியாதவருக்கு எழுதுவது போலிருந்தது. இருக்கட்டும்.

கடிதம் கிடைத்ததும் கடைக்கு ஏழு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால் விரைவுத் தபால். இதை முழுக்கப் படிக்க வேண்டாம், முதலில் தொட்டியை அந்தச் சுவரிலிருந்து நகர்த்துங்கள்.

நகர்த்திவிட்டீர்களா? அது குளிரில் வாழும் பிராணி அத்தை. உயரத்து ஏரியின் அடித்தண்ணீர் அதன் சொந்த ஊர். பதினாறிலிருந்து பதினெட்டு டிகிரி இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் நமக்குக் காய்ச்சல் வந்த மாதிரி தவிக்கும். நீங்கள் இறகு என்று எழுதியவை அதன் செவுள்கள். அவை முன்னால் மடிந்தால், வால் நுனி சுருண்டால், உயிருக்குப் போராடுகிறது என்று அர்த்தம். ஒரேயடியாகக் குளிர வைக்காதீர்கள். சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்து உறையவைத்து, மூடியோடு தொட்டியில் மிதக்க விடுங்கள். மெதுவாக இறங்கட்டும்.

தப்பு என்னுடையதும்தான். குளிர் என்ற ஒரு சொல்லை எழுதாமல் விட்டேன். அந்தச் சீட்டை எழுதும்போது என் கண் என் கட்டுப்பாட்டில் இல்லை.

அது யாரையும் தேடாது. நிழல் அசைந்தால் தெரியும், மற்றபடி பார்வை மட்டம். பெரியதாக வளர்ந்து கரையேறும் எண்ணமும் அதற்குக் கிடையாது, குட்டியாகவே இருந்து குட்டியாகவே கிழடாகும். தனியாக இருப்பதுதான் அதற்குச் சுகம். என்னைப் பற்றியும் கவலை வேண்டாம்.

கடைசிப் படியில் நின்றது உண்மை. உள்ளே வந்தால் தட்டு வைத்து உட்கார வைத்துவிடுவீர்கள். உங்கள் கையால் சாப்பிட்டிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன்.

இனிமேல் போன் வேண்டாம், நானும் செய்யவில்லை. போனில் நீங்கள் குரலை வைத்தே ஆளைச் சமாதானம் செய்துவிடுவீர்கள். எழுதுங்கள்.


பிப்ரவரி 20

மருமகளுக்கு,

போன் அடித்தது காதில் விழுந்தது. எண்பது பன்னுக்கு முட்டை தடவிக்கொண்டிருந்தேன். நீ என்று தெரிந்திருந்தால் முட்டைக் கையோடு எடுத்திருப்பேன்.

உயிர் இருக்கிறது, பயப்படாதே. நீ சொன்ன பாட்டில் வைத்தியம் இரண்டு நாள் செய்தோம். மூன்றாம் நாள் எனக்கு வெண்ணெய் அறை ஞாபகம் வந்தது. மாவுக்குள் வெண்ணெய் வைத்து மடிக்கிற அறைதான், கடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாதது. அங்கே எந்நேரமும் பதினேழு டிகிரி. ஏறினால் வெண்ணெய் உருகும், இறங்கினால் உடையும். இத்தனை வருஷம் வெண்ணெய்க்காக அந்தக் குளிரைக் காத்தவளுக்கு, இப்படியும் ஒரு ஜீவன் இருக்கும் என்று தோன்றவில்லை பார். பழைய தண்ணீரையே மாவுத் தொட்டிகளில் மொண்டு இறக்கி, பெரிய மேஜைக்குக் கீழே குடியேற்றிவிட்டோம். சுகாதாரப் பரிசோதனைக்கு ஆள் வந்தால் மேஜை மேல் நீளத் துணி விரித்து மூடிவிடுவேன்.

நேற்று புழுவைச் சாப்பிட்டது. பிஸ்கட் எடுக்கிற இடுக்கியால் கொடுத்தேன். வாயைத் திறந்தது தெரியவில்லை, மூடினதும் தெரியவில்லை, புழுவை மட்டும் காணோம். செவுள் எல்லாம் பின்னால் விரிந்து, காற்றே இல்லாத இடத்தில் எதற்கோ ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது.

அதற்குத் துரை என்று பெயர் வைத்துவிட்டேன். குளிர் அறை கேட்கிறது, ஊட்டிவிட ஆள் கேட்கிறது, வேலைவெட்டி கிடையாது, முகத்தில் மட்டும் எப்போதும் ஒரு சிரிப்பு. குட்டியாகவே இருந்து கிழடாகும் என்று எழுதியிருந்தாய். அப்படி ஒன்றை நானே பெற்று வளர்த்தவள்தான், எனக்குப் பழக்கம் உண்டு.

ஆனால் குளிரில், தனியாக, ஒருத்தர் சுகமாக இருக்க முடியும் என்பதை மட்டும் என் மனசு ஒப்பவில்லை. துரையைச் சொல்லவில்லை. உன் ஊரில் போர்வை போதுமானதாக இருக்கிறதா?

அத்தை


மார்ச் 6

அத்தைக்கு,

போர்வை போதும். இரண்டு வைத்திருக்கிறேன்.

துரை என்ற பெயர் பொருத்தம். நாலு வருஷம் வளர்த்தும் எனக்கு ஒரு பெயர் தோன்றவில்லை. இருட்டில் தொட்டிக்கு முன்னால் உட்காருவேன், அது மிதக்கும், அவ்வளவுதான் எங்கள் சிநேகம்.

இங்கே கடை ஏரிக்கரையில் இருக்கிறது. காலையில் ஏரி எது, வானம் எது, தெரு எது என்று பிரிக்க முடியாதபடி பனிமூட்டம். வேலைக்குப் போகும்போது எதிரே வருகிறவர்கள் பக்கத்தில் வந்த பிறகுதான் முளைக்கிறார்கள், இரண்டு அடி தாண்டினால் கரைந்துபோகிறார்கள். நானும் அவர்களுக்கு அப்படித்தான் தெரிவேன் என்று நினைத்தால் உடம்பு லேசாகிவிடுகிறது. கடைக்குள் நாள் முழுக்க ஒரே கேள்வி. முதல் கண்ணாடியைப் போட்டு, "இதுல நல்லா தெரியுதா?" இரண்டாவதைப் போட்டு, "இல்ல, இதுலயா?" பதில் சொல்பவர்களுக்குச் சரியான விடை சொல்ல வேண்டுமே என்று ஒரு பயம் வரும், பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாதிரி.

போன வாரம் கடிகாரம் பழுதுபார்க்கிறவர் ஒருவர் வந்தார். எல்லா எழுத்தையும் படித்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக் கூட வந்த மனைவியை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, "இவ்ளோ தெளிவா வேணாம்மா, கொஞ்சம் கொறச்சுக் குடு" என்றார். சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு கூடவே வந்தது.

அதனால் கேட்டுவிடுகிறேன். உங்கள் மகன் விஷயம் எனக்கு டிசம்பரில் தெரிந்தது. உங்களுக்கு எப்போது தெரியும்?

வடக்குப் பார்த்த குளிர்ச்சியான அறை ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் வந்து துரையை அழைத்துக்கொள்கிறேன். அதுவரை உங்களுக்குச் சிரமம்.


மார்ச் 18

மருமகளுக்கு,

சிரமம் என்று யார் சொன்னது?

மத்தியானம் ரொட்டி எல்லாம் போய்விட்ட பிறகு சால்வையைப் போர்த்திக்கொண்டு வெண்ணெய் அறையில் ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். அடுப்புக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். துரை தரையில் நடப்பதைப் பார்த்திருக்கிறாயா? கேட்கிறேன் பார், உன்னுடையதுதானே. ஒரு கையை எடுத்து வைத்து, எதற்கு எடுத்தோம் என்று மறந்துபோய், அப்படியே நின்று, பிறகு ஞாபகம் வந்து அடுத்த கை. பார்த்துக்கொண்டே இருந்தால் என் மூட்டு வலி எங்கேயோ போய்விடுகிறது. நேற்று ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அடுப்பில் வைத்த பிஸ்கட் கரியாகிவிட்டது. முப்பது வருஷத்தில் முதல் தடவை.

அது தனியாக நடப்பதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. நீ என்னதான் எழுதினாலும் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் வேண்டாமா? மீன் தொட்டிக் கடைக்குப் போய் இரண்டு தங்க மீன் வாங்கி வந்து விட்டிருக்கிறேன். கைக்கு அடக்கமான பெரிய மீன்கள், பார்க்க லட்சணமாக இருக்கின்றன. துரை ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தபடியே இருக்கிறார்.

நீ கேட்டதற்கு அப்புறம் எழுதுகிறேன். அடுப்பில் ரொட்டி இருக்கிறது.

அத்தை


மார்ச் 24

அத்தை,

மீன்களை உடனே வெளியே எடுங்கள். அவை செவுளைப் புழு என்று நினைத்துக் கடிக்கும், விரலைக் கடிக்கும். அதன் வாய் பிறவியிலேயே அப்படி, அது சிரிப்பு இல்லை. வலித்தாலும் அப்படித்தான் இருக்கும்.

அடுப்பில் எப்போதும்தான் ரொட்டி இருக்கிறது.


ஏப்ரல் 2

மருமகளுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே நடந்துவிட்டது. காலையில் விளக்கைப் போட்டபோது துரையின் இடது முன்னங்கை மணிக்கட்டோடு இல்லை. செவுளிலும் இரண்டு கிளை குறைந்திருந்தது. மீன்கள் ஒன்றும் தெரியாத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைக் கடைக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். துரை அதே முகத்தோடு என்னைப் பார்த்தார். நீ எழுதியதைப் படித்த பிறகு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். எனக்கு ஒருத்தர் தனியாக இருந்தால் பொறுக்காது, அது என் வியாதி. அதற்குத் துரை கையைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒன்றை ஒப்புக்கொண்டதும் இன்னொன்றையும் சொல்லிவிடத் தோன்றுகிறது.

எனக்குச் செப்டம்பரிலேயே தெரியும். அவனே அடுப்படிக்கு வந்து சொன்னான். "அவகிட்ட சொல்லிடாதம்மா, நானே சரி பண்ணிக்கறேன்." கன்னத்தில் ஒன்று வைத்தேன், வாங்கிக்கொண்டு நின்றான். சரி, புத்தி வந்துவிடும், கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஈரத்துணி போட்டு மூடி, சூடான இடத்தில் வைத்த மாவு அடங்காது, பொங்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் மூடினேன். உனக்குத் தெரிந்தால் நீ போய்விடுவாய், அந்த ஒரு பயம்தான். அவன் போனால் போகட்டும் என்று அப்போதே மனசுக்குள் ஒரு ஓரத்தில் இருந்தது. நீ போவதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அத்தை


ஏப்ரல் 29

மருமகளுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கடை வாசலைப் பெருக்குகிறேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை பெருக்கப்படும் வாசல் இந்தத் தெருவிலேயே நம்முடையதுதான்.

துரையின் கை இருந்த இடத்தில் ஒரு சின்ன மொட்டு வந்திருக்கிறது. முதலில் கட்டியோ என்று பயந்து மீன் தொட்டிக் கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். "மொளைக்குதும்மா" என்றார். "என்ன மொளைக்குது?" என்றேன். "கை" என்றார், சாதாரணமாக.

சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றுமில்லை.

அத்தை


மே 7

அத்தைக்கு,

ஏப்ரல் இரண்டாம் தேதிக் கடிதத்தை ஒரு மாதம் கண்ணாடி உறைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். உறை எடுக்கப் போகும்போதெல்லாம் கையில் இடித்தது.

செப்டம்பர், அக்டோபர், நவம்பர். அந்த மூன்று மாதமும் தினம் காலையில் நான் அவருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று ரொட்டியை அறுத்துக் கொடுத்தது நீங்கள். தினமும். ஓரம் கருகாத துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தீர்கள். அவர் செய்ததைவிட அந்த ரொட்டித் துண்டுகள்தான் எனக்கு ஆறவில்லை. அவர் என்னை ஏமாற்றுகிறார் என்பது தெரியாத முட்டாளாக நான் இருந்தேன், சரி. எனக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார், அவர் எனக்கு அம்மா மாதிரி இருந்தவர். இதை எழுதிவிட்டேன். இனி இதைப் பற்றி எழுத மாட்டேன்.

பிரிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

கைக்குக் கவலை வேண்டாம். எலும்பு, தசை, நாலு விரல், எல்லாம் திரும்ப வரும். தழும்புகூட இருக்காது. அந்த வசதி அதற்கு உண்டு. கை முழுசாக வந்த பிறகு பயணம் செய்யலாம், நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி எதையும் என்னிடம் மறைக்காதீர்கள். இன்னொன்று வெளியே வந்தால், அதுதான் நமக்குள் கடைசிக் கடிதமாக இருக்கும்.


ஜூன் 15

மருமகளுக்கு,

நீ எழுதியது ஒவ்வொன்றும் நியாயம். அந்த ரொட்டிக் கத்தியை மாற்றிவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, இருந்தாலும் மாற்றிவிட்டேன்.

துரைக்குக் கை இன்னும் சரியாக வரவில்லை. மொட்டு மொட்டாகவே நிற்கிறது. இந்த நிலைமையில் பயணம் தாங்காது என்று எனக்குப் படுகிறது. நீ அவசரப்படாதே.

போன ஞாயிற்றுக்கிழமை உன் புருஷன், சரி, என் மகன் வந்தான். இரண்டு பன் சாப்பிட்டான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"மாடி ரூம் சும்மாதானேம்மா கெடக்கு? நாங்க ரெண்டு பேரும் வந்து இருந்துக்கறோம். உனக்கும் வயசாகுது."

"சும்மா இல்ல. ஆள் இருக்கு."

"யாரு?"

"வெளியூர் போயிருக்கா."

அவன் மாடிப்படியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அம்மா, எல்லாம் முடிஞ்சு போச்சும்மா" என்றான். "உனக்கு முடிஞ்சிருக்கும்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. என் பிள்ளை அவன், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், பண்டிகை நாளில் வரட்டும் போகட்டும். அந்த அறையைத்தான் கொடுக்க முடியாது. அதில் இப்போது ஒன்றும் இல்லை. நீ விட்டுப் போன ஒரு செருப்பும், தொட்டி இருந்த இடத்தில் தரையில் ஒரு சதுரமும்தான். ஜன்னலை மட்டும் தினமும் திறந்து வைக்கிறேன்.

அத்தை


ஜூலை 4

அத்தைக்கு,

சரி. கை மெதுவாகவே வளரட்டும். எனக்கும் அறை இன்னும் அமையவில்லை. பார்க்கிற இடமெல்லாம் வெயில் விழுகிறது.

மகனிடம் நீங்கள் சொன்னதைப் படித்த அன்று வேலையில் இரண்டு பேருக்குக் கண்ணாடியை மாற்றி எழுதிவிட்டேன். நல்ல வேளை, அனுப்புவதற்குள் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு ஒரு கனவு. நம் ரொட்டிக் கடை முழுக்கத் தண்ணீர். அடுப்பு, மேஜை, தட்டுகள் எல்லாம் அடியில் அப்படியே அதனதன் இடத்தில் இருக்கின்றன. ரொட்டிகள் கூரையில் போய் முட்டிக்கொண்டு மிதக்கின்றன. நான் மாடிப்படியில் இறங்கி வருகிறேன், ஒரு காலை எடுத்து வைத்து, மறந்து, நின்று, பிறகு அடுத்த கால். நீங்கள் ஈரத்துணியால் மேஜையைத் துடைக்கிறீர்கள், தண்ணீருக்குள் எதற்குத் துடைக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு. யாருக்கும் மூச்சு முட்டவில்லை. நீங்கள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டீர்கள், வாயசைவுதான் தெரிந்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எழுந்த பிறகும் எதற்கு ஆமாம் சொன்னேன் என்று தெரியவில்லை, ஆனால் அதை மாற்றிச் சொல்லவும் தோன்றவில்லை.

அந்தச் செருப்பு பழசு. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.


ஆகஸ்ட் 10

மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். இது ஐந்தாவது.

துரையின் கை ஜூன் பத்தாம் தேதியே வந்துவிட்டது. நாலு விரலும். முதலில் கரண்டி மாதிரி ஒரு தட்டை, அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று, கடைசியாக ஓரத்தில் நாலாவது, கடுகு அளவு. தினமும் எண்ணினேன். மொட்டு நிற்கிறது என்று நான் உனக்கு எழுதிய அன்று அந்தப் புதுக் கையை ஊன்றி அது தொட்டி முழுக்க நடந்துகொண்டிருந்தது. இப்போது வலது எது, புதுசு எது என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றை மறைத்தால் கடைசிக் கடிதம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகும் மறைத்தேன் என்றால் என் துணிச்சலைப் பார். துணிச்சல் இல்லை, பயம். கை வந்துவிட்டது என்றால் நீ வருவாய், துரையை எடுத்துக்கொள்வாய். அதற்குப் பிறகு நீ எனக்கு எதைப் பற்றி எழுதுவாய்? மாமியார் மருமகள் என்பதையும் கையெழுத்துப் போட்டு முடித்தாயிற்று. நமக்குள் மிச்சம் இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான். அதனால் ஒரு கையை வளரவிடாமல் காகிதத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டேன்.

நேற்று வெண்ணெய் அறையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. முதலில் உன்னை இழந்தது இப்படி மூடி வைத்துத்தானே. மறுபடியும் அதே துணியை எடுத்துக்கொண்டு நிற்கிறேனே என்று.

வந்து எடுத்துக்கொள். இதுதான் கடைசிக் கடிதம் என்றால், உண்மையைச் சொன்ன கடிதமாக அது இருக்கட்டும்.

அத்தை


ஆகஸ்ட் 17

அத்தைக்கு,

எனக்குத் தெரியும்.

மணிக்கட்டு வரைக்கும் போன கை திரும்ப வர எழுபது, எண்பது நாள் ஆகும். நாலு வருஷம் வளர்த்தவள், எனக்குக் கணக்குத் தெரியாதா? உங்கள் ஜூன் கடிதத்தைப் படித்ததும் காலண்டரைப் பார்த்தேன். "மொட்டு மொட்டாகவே நிற்கிறது" என்பதை வாய்விட்டுப் படித்துச் சிரித்தேன். பிறகு கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சாயங்காலம் வரை காத்திருந்தும் வரவில்லை. யாரோ என்னை இவ்வளவு பொய் சொல்லிப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். அறை எனக்கு மே இருபதாம் தேதியே கிடைத்துவிட்டது. வடக்குப் பார்த்தது, வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. தொட்டி, அதற்கு மேஜை, எல்லாம் வாங்கித் தண்ணீர் நிரப்பி, பன்னிரண்டு வாரமாகக் காலித் தண்ணீருக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜூலையில் நான் எழுதியது பச்சைப் பொய். உங்களுக்குக் கடைசிக் கடிதம் என்று மிரட்டல் வேறு. தெளிவைக் குறைத்துக் கேட்ட கடிகாரக்காரருக்கு மேல் போய்விட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். குளிர் தாங்கும் பெட்டி ஒன்று கொண்டுவருகிறேன், பாட்டிலில் ஐஸ் மட்டும் நீங்கள் தயார் செய்து வையுங்கள். மாலை ரயிலில் திரும்ப வேண்டும், மறுநாள் வேலை.

தட்டு வையுங்கள். இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டே கிளம்புகிறேன்.


செப்டம்பர் 3

மருமகளுக்கு,

துரை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார் என்று நீ எழுதுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன், எனக்குப் பொறுமை கிடையாது. புழுவை அவருக்கு வாய்க்கு நேராக நீட்டாதே, இடது பக்கமாகக் கொஞ்சம் தள்ளி ஆட்டு. அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். கெடுத்து வைத்திருக்கிறேன் என்று நீ சொல்வாய்.

நீ இளைத்துவிட்டாய். அதை அன்றைக்கே சொல்லியிருப்பேன், இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அந்தச் செருப்பை நீ போட்டுக்கொண்டு போகவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. மேல் அறையில் அதே இடத்தில் நேராக வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். பார்த்தேன்.

வெண்ணெய் அறையில் தொட்டி அப்படியே இருக்கிறது. தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை. நேற்று சுகாதாரப் பரிசோதகர் வந்தார். துணி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, நான் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"இது என்னம்மா?"

"இங்க ஒருத்தர் இருந்தார். ஊருக்குப் போயிட்டார்."

ஒரு வாரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அகற்றி மேல் அறைக்கே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன், பழைய சதுரத்தின் மேலேயே, ஜன்னல் பக்கமாக. விடுமுறைக்கு நீங்கள் இரண்டு பேரும் வரும்போது எங்கே தங்குவீர்கள் என்று யோசிக்க வேண்டாம் பார்.

எழுத ஒன்றும் இருக்காது என்று பயந்துகொண்டேதான் உட்கார்ந்தேன். இரண்டாவது தாளும் முடியப்போகிறது.

ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்கு நீ பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்படியில் நின்று, திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேன் அத்தை" என்றாய். ஏழு மாதமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அது காதில் விழுந்தது. கையில் மாவுகூட இல்லை, சும்மா நின்றேன். நீ தெருமுனை திரும்புகிறவரை ஒரு வார்த்தை வரவில்லை.

இப்போது சொல்கிறேன். போயிட்டு வா.

அத்தை